நெற்றித் தோலில் கட்டிய மூக்கு

முதலில் அது பருவைப் போலத்தான் இருந்தது. வலது மூக்கு மடலில், கன்னத்தோடு சேரும் மடிப்புக்குச் சற்று மேலே, குண்டூசித் தலை அளவு. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. முகம் கழுவித் துண்டால் ஒற்றும்போது துண்டில் ஒரு பொட்டு ரத்தம் இருக்கும். இரண்டு நாளில் பொருக்குத் தட்டும், பொருக்கு உதிரும், ஆறிவிட்டது என்று நினைப்பேன். மூன்றாவது வாரம் மறுபடியும் துண்டில் அதே பொட்டு. இப்படியே 11 மாதம் ஓட்டினேன். நடுவில் இரண்டு மருத்துவர்களிடம் காட்டினேன். ஒருவர் கிருமிக்கொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார், இன்னொருவர் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார். இரண்டுமே கொஞ்ச நாள் கேட்பது போலத் தெரிந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. இன்று யாராவது என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன்: முகத்தில் ஒரே இடத்தில் ஆறுவதும் திறப்பதுமாக ஒரு புண் நான்கு வாரத்தைத் தாண்டிவிட்டால் இன்னொரு களிம்பு கேட்காதீர்கள், பயாப்ஸி, அதாவது ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது, வேண்டுமா என்று கேளுங்கள். சிலருக்கு அது முத்துப் போல மினுமினுப்பாக இருக்கும், சிலருக்குக் கறுப்பாக, மச்சம் போலவே இருக்கும். கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வரவே வராது என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

மூன்றாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் லென்ஸ் வைத்து அரை நிமிடம் பார்த்தார். அன்றே மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சிறு துணுக்கை எடுத்து அனுப்பினார். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. பேசல் செல் கார்சினோமா. தோல் புற்றுநோய்களிலேயே அதிகம் பேருக்கு வருவது இதுதான், உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது, உயிருக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம் என்றார். புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி எனக்குக் காதில் ஏறவில்லை. அறிக்கையில் இன்னொரு வார்த்தை இருந்தது, ஊடுருவும் வகை என்று. அதன் அர்த்தத்தை அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த வகை மேலே தெரிவதைவிட அடியில் அகலமாக, மெல்லிய விழுதுகளாக ஓடியிருக்கும். அதாவது, வெளியே குண்டூசித் தலை என்பதால் உள்ளேயும் குண்டூசித் தலைதான் என்று எண்ணிவிடக் கூடாது. பயாப்ஸி முடிவைக் கையில் வாங்கும்போது நோயின் பெயரோடு அது எந்த வகை என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் எவ்வளவு பெரிய பள்ளம் விழப்போகிறது என்பதற்கு அதுதான் முதல் குறிப்பு.

எனக்கு மோஸ் அறுவை சிகிச்சை என்று முடிவானது. ஃபிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1930-களில் தொடங்கி வைத்த முறை. சாதாரண அறுவையில் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஓரம் சுத்தமா இல்லையா என்பது சில நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் ஓரத்தின் சில துண்டுகளை மட்டும் பார்த்துச் சொல்வது. மோஸ் முறையில் மெல்லிய படலமாக எடுத்து, எந்தப் பக்கம் எது என்று வரைபடம் போட்டு, உடனே உறைய வைத்துச் சீவி, ஓரம் முழுவதையும் அடிப்பக்கத்தையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே மட்டும் இன்னொரு படலம் எடுக்கிறார்கள். முதல்முறை வரும் பேசல் செல்லுக்கு 5 ஆண்டுக் கணக்கில் 99 சதவீதம் வரை குணம் என்பார்கள். மூக்கு, கண்ணிமை, உதடு, காது போன்ற இடங்களில் நல்ல தோலை வீணாக்காமல் எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. இந்த முடிவில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. என் குறை அடுத்த கேள்வியை யாரும் எழுப்பவில்லை என்பதில். எடுத்த பிறகு அந்தப் பள்ளத்தை யார் மூடுவார்கள்?

அது தனி வேலை என்றே எனக்குத் தெரியாது. எடுப்பவரே நான்கு தையல் போட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அலுவலகத்தில் இரண்டு நாள் மட்டும் விடுப்பு சொன்னேன். என் தங்கை வேறு ஊரில் இருக்கிறாள், கூட வருகிறேன் என்றாள். "சின்ன விஷயம்தான், நீ எதுக்கு அலையணும்" என்று நானே தடுத்தேன். 52 வயதில் ஒரு பருவை எடுக்கத் துணை எதற்கு என்ற எண்ணம். தனியாகப் போனேன்.

மூக்கில் போடும் ஊசி வலிக்கும், கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டும். அதன் பிறகு வலி இல்லை. ஆனால் விழிப்போடு இருப்போம். ரத்தம் கசிவதை நிறுத்தச் சூடு வைக்கும்போது வரும் வாடை நம் சொந்தத் தோலின் வாடை என்று புரிகிற அந்தக் கணம் கொஞ்சம் கஷ்டம். முதல் படலம் எடுத்துக் கட்டுப் போட்டு வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. கூப்பிட்டு, இன்னும் இருக்கிறது என்றார்கள். மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. இரண்டாவது முறையும் இருக்கிறது என்றபோது நான் அழுதுவிட்டேன். மூன்றாவது சுற்றில் சுத்தம் என்றார்கள். காலையில் போனவள், மாலை ஆகியிருந்தது. மோஸுக்குப் போகிறவர்கள் முழு நாளையும் ஒதுக்கிவிடுங்கள். கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், பேச்சுத் துணைக்கு மட்டுமல்ல. முகத்தில் பெரிய கட்டோடு, ஒரு கண் பாதி மறைந்த நிலையில் தனியாக வீடு திரும்புவது பாதுகாப்பு இல்லை.

கட்டுப் போடுவதற்கு முன் மருத்துவர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பார்க்க வேண்டாம் என்றாலும் சரி என்றார். நான் பார்த்தேன். வலது மூக்கு மடலில் பெரும்பகுதியும் மூக்கு நுனியில் ஒரு துண்டும் இல்லை. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிவப்பாகத் திறந்து கிடந்தது. உள்பக்கச் சவ்வு மட்டும் தப்பியிருந்தது. "புற்றுநோய் போயிருச்சு, அதை நினைச்சு நிம்மதியா இருங்க. இதை மூட பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கணும்" என்றார். யாரை, எப்போது என்று கேட்டேன். நான் ஏற்கெனவே பேசி வைத்திருப்பேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள், அவர்கள் ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஐந்து நாட்களை எப்படிக் கடந்தேன் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கட்டுக்கு அடியில் முகத்தில் ஒரு பள்ளம், கையில் போன், ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டு முன்பதிவு கேட்கிறேன். ஓர் இடத்தில் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஓர் இடத்தில் அழகு சிகிச்சை மட்டும்தான் செய்வோம் என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, இப்படிச் சில நாள் காத்திருப்பதால் புண்ணுக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஈரம் காயாமல் சுத்தமாகக் கட்டி வைத்தால் போதும். வேண்டுமென்றே சில நாள் விட்டுச் செய்பவர்களும் உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஐந்து இரவும் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன். ஆகவே நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, கட்டியை எடுக்கும் தேதியைக் குறிப்பதற்கு முன்பே மூடப்போகிறவர் யார், அதே நாளா மறுநாளா, அவருடைய தேதி உறுதியா என்பதைக் கேட்டு முடித்துவிடுங்கள். முடிந்தால் அந்த சர்ஜனை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டியை எடுப்பதற்கு முன், முகம் முழுசாக இருக்கும்போதே அவர் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் நாள் எனக்குக் கிடைத்த சர்ஜன் அவசரப்படாமல் பேசினார். ஒரு காகிதத்தில் மூக்கை வரைந்து என்னென்ன வழிகள் உண்டு என்று எளிதிலிருந்து தொடங்கினார். சில பள்ளங்களை ஒன்றும் செய்யாமல் தானாக ஆறவிடலாம், கண்ணின் உள்மூலை, நெற்றிப்பொட்டுப் போன்ற குழிவான இடங்களில் அது நன்றாகவே ஆறும். சின்னதாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைக்கலாம். காதுக்கு முன்னாலோ பின்னாலோ இருந்து தோலை எடுத்து ஒட்டலாம், அதுதான் தோல் ஒட்டு. ஒட்டிய தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் இல்லை, முதல் ஓரிரு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும், பிறகுதான் ரத்தக் குழாய்கள் இணையும். அதனால் அது அசையாமல் இருக்க ஒரு வாரம் அழுத்தக் கட்டு. அடுத்தது ஃபிளாப், பக்கத்துத் தோலை அதன் ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி மூடுவது. என் பள்ளத்துக்கு ஒட்டு சரிவராது என்றார். மடலுக்குத் தாங்குதல் போய்விட்டது, வெறும் தோலை ஒட்டினால் சுருங்கி மேலே இழுத்துக்கொள்ளும், மூச்சை இழுக்கும்போது நாசித் துவாரம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். எனவே காதின் கிண்ணப் பகுதியிலிருந்து குருத்தெலும்பு எடுத்துச் சட்டம் போல வைக்க வேண்டும், அதன் மேல் நெற்றித் தோலைக் கொண்டுவந்து போர்த்த வேண்டும்.

நெற்றியிலிருந்து மூக்கா என்று நான் விழித்தேன். அவர் அதன் பழைய கதையைச் சொன்னார். சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூலிலேயே அறுபட்ட மூக்கைக் கன்னத் தோலால் கட்டும் முறை எழுதப்பட்டிருக்கிறது. நெற்றித் தோல் முறையும் இந்தியாவில் வழிவழியாகச் செய்யப்பட்டு வந்ததுதான். 1790-களில் மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டியோட்டிக்குப் புனேயில் நெற்றித் தோலால் மூக்குக் கட்டியதை 1794-ல் லண்டன் மாத இதழ் ஒன்று படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் 1814-ல் இங்கிலாந்தில் முதன்முறையாகச் செய்தார். இத்தனை காலம் மனிதர்கள் நெற்றியால் மூக்கைக் கட்டி நடமாடியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஏனோ தெம்பைக் கொடுத்தது. சர்ஜன் இன்னொன்றும் சொன்னார். 1985-ல் பர்கெட், மெனிக் என்ற இரண்டு சர்ஜன்கள் மூக்கை 9 பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்களாம். ஒரு பகுதியில் பாதிக்கு மேல் போயிருந்தால் மிச்சத்தையும் எடுத்துவிட்டு முழுப் பகுதியையும் புதிதாகப் போர்த்தினால் தழும்பு இயற்கையான மடிப்பில் ஒளிந்துகொள்ளும். இருக்கிற நல்ல தோலையும் எடுக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. இன்று கண்ணாடியில் அந்தக் கோட்டைத் தேடவேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

அங்கே நான் கேட்காமல் விட்ட கேள்வி, எத்தனை கட்டம் என்பது. இரண்டு கட்டம் என்று அவர் சொன்னார், நான் அதை இரண்டு நாள் போல எடுத்துக்கொண்டேன். உண்மை வேறு. புருவத்தின் உள்முனையில் ஓடும் சிறிய ரத்தக் குழாயைச் சேர்த்து நெற்றித் தோலை ஒரு பட்டையாக எடுத்து, திருப்பி, மூக்கில் தைக்கிறார்கள். அந்தப் பட்டையின் அடி புருவத்திலேயே இருக்கும். பூவுக்குக் காம்பு போல. மூக்கில் உள்ள புதுத் தோல் சுற்றுப்புறத்திலிருந்து தனக்கென ரத்தம் பிடித்துக்கொள்ளும் வரை, அதாவது ஏறத்தாழ மூன்று வாரம், அந்தக் காம்பை வெட்ட முடியாது. மூன்று வாரம் முழுக்கப் புருவத்திலிருந்து மூக்குக்குச் சதைப் பாலம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதோடுதான் தூங்க வேண்டும், முகம் துடைக்க வேண்டும், கதவைத் திறந்து ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முழு மயக்கத்தில் செய்தார்கள். நான்கு மணி நேரம் ஆயிற்று. கண் விழித்தபோது மூக்கைவிட நெற்றிதான் இறுக்கிப் பிடித்தது போல வலித்தது. முதல் இரண்டு நாள் காம்பின் பின்பக்கத்திலிருந்து ரத்தமும் நீரும் கசிந்துகொண்டே இருந்தது. எனக்கு யாரும் சொல்லாததால் எல்லாம் பிய்ந்துவிட்டது என்று பயந்து இரவில் போன் செய்தேன். அது எதிர்பார்த்ததுதானாம். இரண்டு கண்ணும் வீங்கி மூன்றாம் நாள் திறக்கவே முடியவில்லை, பிறகு மளமளவென்று வடிந்தது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குங்கள். தலைவழியாக மாட்டும் உடையை மறந்துவிடுங்கள், முன்பக்கம் பொத்தான் உள்ளதே வேண்டும். குனியாதீர்கள், கனமானது தூக்காதீர்கள். நான் கொஞ்சமும் யோசிக்காதது என் மூக்குக்கண்ணாடி. காம்பு இருக்கும் இடத்தில்தான் அது உட்கார வேண்டும். மூன்று வாரம் கண்ணாடி இல்லாமல், கணக்கு எழுதிப் பிழைக்கிற நான், ஒரு எழுத்தையும் படிக்க முடியாமல் இருந்தேன். மாத்திரை அட்டையில் பெயர் தெரியாமல் ஒருமுறை மாற்றி எடுத்துவிடப் பார்த்தேன். கண்ணாடி போடுகிறவர்கள் அறுவைக்கு முன்பே போனில் எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள், மாத்திரைகளை வேளைவாரியாக டப்பாவில் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

புதுத் தோலின் நிறத்தைத் தினமும் பார்க்கச் சொன்னார்கள். கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வீக்கம் சரி. கரு ஊதாவாக மாறிக்கொண்டே போனால் ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. வெளுத்துச் சில்லென்று ஆனால் ரத்தம் வந்து சேரவில்லை. இரண்டுக்குமே காலை வரை காத்திருக்கக் கூடாது. புகை பிடிக்கிறீர்களா என்று என்னிடம் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள், முதலில் எரிச்சலாக இருந்தது. நிக்கோட்டின் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஃபிளாப்பையே அழுகவைக்கும் என்று பிறகு புரிந்தது. சிகரெட் மட்டுமல்ல, நிக்கோட்டின் உள்ள எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதேபோல நாமாக வாங்கிப் போடும் வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகள், மூலிகை மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், சில ரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, அது வேறு ஆபத்து.

ஒருநாள் டிரெஸ்ஸிங் மாற்றும்போது மூக்கில் பஞ்சு பட்டது. பட்ட இடம் மூக்கு, எனக்குத் தெரிந்த இடம் நெற்றி. முடிக்கு அருகில் யாரோ தொட்டது போல இருந்தது. செவிலியிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே மறுபடி தொட்டுக் காட்டினார், மறுபடி நெற்றி. நரம்பும் தோலோடு கூடவே வந்திருக்கிறது, அதற்குத் தான் இடம் மாறியது இன்னும் தெரியவில்லை. அந்த மூன்று வாரத்தில் எனக்கு அழாமல் இருந்த ஒரு தருணம் அது.

மற்றபடி நிறைய அழுதேன். மாடிப்படியில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து காம்பு வெட்டும் நாள்வரை நான் பகலில் கதவைத் திறக்கவில்லை. தங்கை தினமும் கூப்பிடுவாள். "அக்கா, ஒரு தடவை வீடியோவை ஆன் பண்ணுக்கா." நான் நெட்வொர்க் சரியில்லை என்பேன். 12-ம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டாள். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் மாறியது, நான் கவனித்தேன். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, "பஞ்சு எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். முதல் நாளே அவளை வரச் சொல்லாமல் விட்டது இந்த மொத்த அனுபவத்தில் நான் செய்த பெரிய தவறு, பணம் இழந்ததைவிட.

தெரிந்தவர்கள் ஆறுதலாகச் சொல்வது ஒன்று உண்டு: "உயிர் தப்பிச்சதே பெரிசு, மூக்கு எப்படி இருந்தா என்ன?" நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு என் கவலையை வெளியே சொல்லவே கூச்சமாகிவிட்டது. நோய் போனதற்கு நன்றியும் இருக்கும், முகம் போனதற்குத் துக்கமும் இருக்கும், இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கும். இந்த நிலையில் யாராவது உங்கள் அருகில் இருந்தால் தயவுசெய்து அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள்.

22-ம் நாள் காம்பை வெட்டினார்கள். இடத்தை மட்டும் மரக்க வைத்து ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அன்று கண்ணாடியில் பார்த்து இன்னொரு ஏமாற்றம். பாலம் போய்விட்டது, ஆனால் மூக்கு நுனியில் உருண்டையாக, தடித்து, நிறம் வேறாக ஏதோ ஒட்டி வைத்தது போல இருந்தது. நெற்றியில் மேல்பகுதியைத் தைத்து மூட முடியாமல் திறந்தே விட்டிருந்தார்கள், அது தானாக மூட ஆறு வாரம் எடுத்தது. நெற்றித் தோல் மூக்குத் தோலைவிடத் தடிமன், அதனால் பிறகு ஒல்லியாக்க வேண்டிவரும் என்பது எனக்கு அன்றுதான் சொல்லப்பட்டது. ஐந்தாம் மாதம் மூன்றாவது அறுவையாக உள்ளே இருந்த கொழுப்பைச் சீவி மடலின் மடிப்பை உருவாக்கினார்கள். இதை மூன்று கட்டமாகவே திட்டமிடும் சர்ஜன்களும் இருக்கிறார்கள். எனவே கேட்க வேண்டிய கேள்வி, "மொத்தம் எத்தனை முறை அறுவை மேசையில் படுக்கணும், கடைசித் தோற்றம் எப்போ தெரியும்?" பதில் எனக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு. தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் ஆகும், முதல் இரண்டு மூன்று மாதத்தில் அது இன்னும் சிவந்து, இறுகி, மோசமாகித்தான் பிறகு அடங்கும். இரண்டாம் மாதக் கண்ணாடியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். புண் முழுதும் மூடிய பிறகு சிலிக்கோன் ஜெல்லும், மருத்துவர் அனுமதித்த பின் விரலால் அழுத்தி நீவுவதும் எனக்கு உதவின. வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துவிடும், தொப்பியும் எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும் இனி எனக்கு நிரந்தரம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சிறு அறுவை என்று நினைத்து ஒதுக்கிய தொகையைப் போல நான்கு மடங்கு ஆயிற்று. இரண்டு நாள் விடுப்பு ஏழு வாரமாயிற்று, அதில் நான்கு வாரம் சம்பளமில்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டி எடுத்ததற்குப் பணம் கொடுத்தது, மூக்குக் கட்டியதற்கு மறுத்துவிட்டது. காரணம் ஒரே வரி: இது அழகு சிகிச்சை. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று ஏற்பட்ட அவமானம் இன்னும் போகவில்லை. மூக்கில் பாதி இல்லாதவள் அழகுக்கு ஆசைப்பட்டாள் என்பது போல. விசாரித்தபோது, மருத்துவமனை அனுப்பிய முதல் பாரத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி என்று மட்டும் எழுதியிருந்தது, புற்றுநோய் என்ற சொல்லே அதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். பயாப்ஸி அறிக்கை, மோஸ் அறிக்கை, பள்ளத்தின் புகைப்படம், கூடவே சர்ஜனிடம் ஒரு கடிதம். புற்றுநோய் அகற்றியதால் ஏற்பட்ட குறைபாட்டுக்கான மறுசீரமைப்பு இது, செய்யாவிட்டால் நாசித் துவாரம் மூடி மூச்சுத் தடை ஏற்படும் என்று அவர் தெளிவாக எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் அலைந்த பிறகு பெரும்பகுதி வந்தது. இதைப் படிப்பவர்கள் முன் அனுமதி கேட்கும்போதே மூன்று கட்டத்தையும் ஒரே திட்டமாக எழுதி வாங்குங்கள், "மறுசீரமைப்பு" என்ற சொல்லும் நோயின் பெயரும் ஒவ்வொரு தாளிலும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கட்டுப் போடும் முன் பள்ளத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம், ஆனால் படம் வேண்டும்.

அறுவை முடிந்து 14 மாதம் ஆகிவிட்டது. மூச்சு இரண்டு பக்கமும் சீராக வருகிறது. வலது மடல் இடதைவிடக் கொஞ்சம் தடிப்பு, குளிரில் அது மட்டும் நிறம் மாறும். நெற்றியில் ஒரு மெல்லிய நேர்க்கோடு. இந்த நோய் ஒருமுறை வந்தவர்களுக்கு முகத்தில் வேறு இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுத் தோலையும் காட்டிவிட்டு வருகிறேன்.

போன முறை போனபோது காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கட்டு. என் நெற்றிக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். வாரம் ஒன்றாக எடுத்து வைத்திருந்த படங்களைப் போனில் திறந்து கையில் கொடுத்தேன். காம்பு தொங்கும் படத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த வாரத்து படம் இருக்காக்கா?" என்றார்.